கண்ணாடித் தொட்டியில் பவளம்: ஆசைக்கு முன் அறிய வேண்டியவை

தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து வீடுகளில் வண்ண மீன் தொட்டி இன்று அதிசயப் பொருள் அல்ல. கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நான்கைந்து கப்பி, இரண்டு தங்கமீன், காற்றுக் குமிழி விடும் சிறு மோட்டார் ஒன்று. பிள்ளைகள் தீனி போடுகிறார்கள். பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றுகிறார்கள். நல்ல தண்ணீர் மீன் கைக்கு வந்தபின், அடுத்த படியாகக் கடல் நீர்த் தொட்டியின் மீது கண் போகிறது.

அந்த ஆசை பெரும்பாலும் வெளிநாட்டு உறவினர் மூலமே வீட்டுக்குள் வருகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மைத்துனர் விடுமுறைக்கு வந்தவர் தம் வீட்டுத் தொட்டியின் படத்தைக் காட்டுகிறார். உருண்டைக் கல் ஒன்றின் மேல் நூற்றுக்கணக்கான பூக்கள் காம்பு நீட்டி, தண்ணீரின் அசைவுக்கு ஆடிக்கொண்டிருக்கின்றன. "இது பூ இல்லை மச்சான், பவளம். உயிரோடு இருக்கு" என்கிறார் அவர். "நம்ம ஊரில் இது வளராதா?" என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிடுகிறது.

வளருமா என்பதற்கு முன்பு, வாங்கலாமா என்பதே முதல் கேள்வி. கல் பவளம் எதையும் பிடிக்கவோ, வாங்கவோ, விற்கவோ இந்தியாவில் சட்டம் இடம் தரவில்லை. அந்தச் சட்டம் ஏன் வந்தது, அனுமதி உள்ள நாடுகளிலும் பவளம் தொட்டியில் ஏன் நிலைப்பதில்லை, கடல் நீர்த் தொட்டி வைத்தே தீரவேண்டும் என்பவர்கள் எதை வளர்க்கலாம் என்பவற்றைத் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், மனக்குறையும் மிஞ்சாது.

கல்லும் அல்ல, செடியும் அல்ல

நகைக்கடையில் மோதிரத்தில் பதிக்கும் செம்பவளத்தையும் படத்தில் பார்த்த பவளத்தையும் ஒன்றாக எண்ணக்கூடாது. நகைச் செம்பவளம் மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில், வெளிச்சம் குறைந்த பாறைச் சரிவுகளில் வளரும் வேறு இனம். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கீழ்க்கடலிலிருந்து துகிர் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. துகிர் என்றால் பவளம்தான். ஆகவே சோழ நாட்டாருக்குப் பவளம் புதிதல்ல. ஆனால் அது உலர்ந்த சரக்கு. தொட்டியில் இருப்பதோ மூச்சு விட்டு, தின்று, வளரும் பிராணி.

பூவைப்போல் தெரிவது பாலிப் எனப்படும் சிற்றுயிர். பை போன்ற உடல். மேலே ஒரு வாய். வாயைச் சுற்றிக் கொடுக்குகள். அடியில் சுண்ணாம்பாலான சிறு கிண்ணத்தைத் தானே கட்டிக்கொண்டு அதற்குள் அமர்ந்திருக்கும். தொந்தரவு வந்தால் உள்ளே சுருங்கிவிடும். இப்படி ஆயிரக்கணக்கான பாலிப்புகள் ஒட்டி வாழும் கூட்டமே ஒரு பவளம். கிளை கிளையாக வளரும் பவளங்கள் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் நீளும். உருண்டையாகத் திரளும் பவளங்கள் ஆண்டுக்கு ஒன்று, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறுவது அரிது. ஒரு பானை அளவுப் பவளம் கடலில் உருவாகப் பல ஆண்டுகள் செல்லும்.

இதன் வாழ்க்கை முறை, நெல் வயலில் அசோலா விட்டுப் பழகிய விவசாயிகளுக்கு எளிதில் விளங்கும். அசோலாவின் இலைக் குழிக்குள் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. அசோலா அதற்கு இடமும் உணவும் தருகிறது. பவளத்தின் சதைக்குள்ளும் அவ்வாறே ஒருவகை நுண்பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு உரமாகிறது. பவளத்துக்கு வேண்டிய சத்தில் பெரும்பகுதி இப்படித்தான் கிடைக்கிறது. பவளத்தின் பழுப்பு, பச்சை நிறங்களுக்கும் இப்பாசி ஒரு காரணம்.

தண்ணீரின் சூடு வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடி, அது வாரக்கணக்கில் நீடித்தால் இந்த உறவு முறிகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. சதை கண்ணாடிபோல் ஆகி, உள்ளிருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. இதனைப் பவளம் வெளிறுதல் என்கிறார்கள். வெளிறிய பவளம் உடனே சாவதில்லை. சீக்கிரம் சூடு தணிந்தால் பாசி திரும்பி வரும். தணியாவிட்டால் பட்டினியால் சாகும்.

பூந்தொட்டிப் பவளம் ஏன் கைவிட்டுப் போகிறது?

மைத்துனர் காட்டிய பவளத்தின் பெயர் கோனியோபோரா. பூந்தொட்டிப் பவளம் என்று வியாபாரத்தில் அழைப்பார்கள். இதன் ஒவ்வொரு பாலிப்புக்கும் 24 கொடுக்குகள். காம்பு போன்ற உடல் ஒரு சாண் வரைகூட நீளும். மன்னார் வளைகுடாவிலும் இந்த இனம் உண்டு. கடைக்கு வருபவர்களை முதலில் இழுப்பது இதன் அழகு. ஆகவே பவள வளர்ப்பில் இறங்குபவர்கள் பலர் முதல் பவளமாக இதையே வாங்குகிறார்கள். முதலில் சாவதும் பெரும்பாலும் இதுதான்.

சாவு திடீரென்று வருவதில்லை. முதல் சில மாதங்கள் காலையில் விளக்கு எரிந்ததும் பூத்து நிற்கும். வளர்ப்பவருக்கு நம்பிக்கை கூடும். பிறகு காம்புகள் பாதியளவே நீளும். ஒரு பக்கத்து ஓரத்தில் சதை சுருங்கி வெள்ளைக் கல் தெரியும். பல தொட்டிகளில் ஓராண்டு திரும்புவதற்குள் மிஞ்சுவது கல் மட்டுமே. நெற்பயிரில் சத்துக் குறைவு முதலில் வெளியே தெரியாமல், பிறகு இலை நுனியில் காட்டிக்கொடுப்பது போன்றதே இது.

காரணங்கள் பல. முதலாவது தீனி. இப்பவளம் கலங்கலான கடற்கழிகளிலும் வளர்வது. அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் எப்போதும் மிதந்து வந்துகொண்டிருக்கும். வடிகட்டி வைத்துப் பளிங்காகத் தெளியவைத்த தொட்டி நீர் நமக்கு அழகு, அதற்குப் பட்டினி. சாதாரண மீன் தீனி இதன் வாய்க்குப் பெரிது. ரோட்டிஃபர் போன்ற நுண்ணுயிர்த் தீனியை அடிக்கடி, சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். அளவு மிஞ்சினால் தண்ணீர் கெட்டு, கூட இருக்கும் மீன்களும் சாகும்.

இரண்டாவது சுண்ணாம்பு. பவளம் கிண்ணம் கட்டுவதற்குத் தண்ணீரிலிருந்தே சுண்ணாம்புச் சத்தை எடுக்கிறது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம் கால்சியமும் சுமார் 1,290 மில்லிகிராம் மக்னீசியமும் உள்ளன. கடலில் எடுக்க எடுக்கக் குறையாது. 100 லிட்டர் தொட்டியில் நாளுக்கு நாள் குறையும். கூடவே தண்ணீரின் காரத்தன்மையும் இறங்கும். அனுபவமுள்ளவர்கள் இதனை வாரந்தோறும் சோதித்து ஈடுகட்டுகிறார்கள். ஆவியான தண்ணீருக்குப் பதிலாகத் தெளிந்த சுண்ணாம்பு நீரை இரவில் சொட்டுச் சொட்டாக விடுவது ஒரு முறை. ஒரே முறையாக ஊற்றினால் காரம் ஏறித் தொட்டி முழுவதும் பாழாகும்.

மூன்றாவது வெளிச்சமும் நீரோட்டமும். வெளிச்சம் குறைந்தால் பாசி உழைக்காது, அதிகமானால் கருகும். நீரோட்டம் காம்பை மெதுவாக ஆட்டவேண்டும், அடித்துச் சாய்க்கக்கூடாது. நான்காவது சூடு. பவளத் தொட்டியின் நீர் 24 முதல் 27 டிகிரி சென்டிகிரேடுக்குள், அதுவும் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கவேண்டும். சித்திரை, வைகாசியில் தஞ்சையில் வெளிவெப்பம் 38 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் கூடத்துத் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். குளிரூட்டும் இயந்திரம் இரவு பகலாக ஓடினால்தான் பவளம் தாங்கும். பிற்பகலில் நான்கு மணி நேரம் மின்சாரம் நின்றால் அதுவரை செய்த செலவு அத்தனையும் வீண்.

இந்த நான்கையும் கூட்டிப் பார்த்தால் ஒரே விஷயம் தெரிகிறது. பவளம் கேட்பது விலை உயர்ந்த மருந்தை அல்ல, மாறாத தண்ணீரை. உப்பு, சூடு, சுண்ணாம்பு மூன்றும் இன்றும் நாளையும் ஒன்றாகவே இருக்கவேண்டும். தெரிந்தவர்கள் ஓராண்டு தொட்டியை நிலைப்படுத்திய பிறகே கடினமான பவளத்தில் கை வைக்கிறார்கள். அதிலும் கடலில் பெயர்த்ததை விட்டு, தொட்டியிலேயே துண்டு எடுத்து வளர்த்ததையே தேடி வாங்குகிறார்கள். அது தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது.

சட்டம் சொல்வது என்ன?

வெளிநாடுகளில் பவள வியாபாரம் சைட்டிஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கைக்கு உட்பட்டது. கல் பவளங்கள் அதன் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. ஆகவே பெட்டிக்குள் வைத்து விமானத்தில் கொண்டுவரலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

நம் நாட்டில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001ஆம் ஆண்டு கல் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், குழல் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் அடக்கம். புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. மீறினால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். உயிருள்ள பவளத்துக்கு மட்டுமல்ல, காய்ந்த பவளக் கல்லுக்கும் இது பொருந்தும். தொட்டியில் அலங்காரமாக வைக்க வெண்பவளக் கல்லை யாராவது விற்க வந்தால் வாங்கக்கூடாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. அவற்றைச் சுற்றிப் பவளத் திட்டுகள். இப்பகுதியில் 117 வகைக் கல் பவளங்கள் கணக்கெடுக்கப்பட்டுள்ளன. 1986இல் இது கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆயிற்று. இருந்தும் பல ஆண்டுகள் இங்கிருந்து பவளப் பாறை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டட வேலைக்கும் போயிற்று. பவளத் திட்டு தீவுக்கு வரப்பு போன்றது. வரப்பை வெட்டினால் வயலில் தண்ணீர் நிற்குமா? அலை நேரே தீவில் மோதியது. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. வான் தீவு தேய்ந்து சிறுத்தது. அதனைக் காக்கச் செயற்கைத் திட்டுகள் கடலில் இறக்கப்பட்டன.

வெட்டுவது நின்றாலும் வெப்பம் நிற்கவில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் பெருமளவில் வெளிறின. 2016இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகக் குறைந்தது. தொட்டியில் 30 டிகிரிக்கு மேல் என்ன நடக்குமோ அதுவே கடலிலும் நடந்தது. இத்தனை அடி வாங்கிய இடத்திலிருந்து தொட்டிக்கு ஒரு துண்டு எடுப்பது, வறட்சியில் விதை நெல்லைக் குத்தித் தின்பதற்குச் சமம்.

கடலில் பவள நடவு

பவளத்தை மனிதன் வளர்க்கவே முடியாதா? முடியும். அது கடலிலேயே நடக்கிறது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் அரசு அனுமதியுடன் மன்னார் வளைகுடாவில் பவள நடவு செய்து வருகிறது.

முறை கரும்பு நடவை ஒத்தது. கரும்புக்குக் கரணை வெட்டுவதுபோல், நன்றாக வளர்ந்த பவளத்திலிருந்து சிறு துண்டுகள் எடுக்கப்படுகின்றன. அவை சிமெண்டுப் பலகைகளில் கட்டப்பட்டு, கடலடியில் வைத்த சட்டங்களின் மேல் பொருத்தப்படுகின்றன. துண்டு சில மாதங்களில் பலகையைப் பிடித்துக்கொள்கிறது, பிறகு கிளைவிடுகிறது. களையெடுப்பும் உண்டு. பாசி படர்ந்தால் நீக்கவேண்டும். கட்டு அறுந்தால் மறுபடி கட்டவேண்டும். கோடை வெளிறலில் பட்டுப்போனால் மறுநடவு செய்யவேண்டும். தண்ணீரின் சூட்டையும் உப்பையும் கடலே பார்த்துக்கொள்ளும் இடத்தில்கூட இவ்வளவு பாடு. வீட்டுத் தொட்டியில் எல்லாப் பாடும் வளர்ப்பவர் தலையில்.

டெல்டாக் கடற்கரையில் பவளத் திட்டு ஏன் இல்லை என்பதும் இதனால் விளங்கும். காவிரியின் கிளைகள் வண்டலும் நல்ல தண்ணீரும் கொண்டுவந்து சேர்க்கும் கரை இது. வண்டல் பவளத்தை மூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர நீரின் உப்பு இறங்கும். ஒட்டிக்கொள்ளப் பாறையும் இல்லை. இங்கே முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு உண்டு. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் கடலில் கடற்புல் வெளி உண்டு. பெரிய ஆறு எதுவும் விழாத மண்டபம், ராமேசுவரம் பக்கம் போன பிறகே பாக் நீரிணையில் பவளத் திட்டு தொடங்குகிறது.

வீட்டில் எதை வளர்க்கலாம்?

கடல் நீர்த் தொட்டி வைத்தே தீரவேண்டும் என்பவர்களுக்கு ஏற்றது கோமாளி மீன். ஆரஞ்சு நிற உடலில் வெள்ளைப் பட்டை போட்ட இம்மீன் கடல் சாமந்தியின் கொடுக்குகளுக்கு நடுவே வாழ்வது. தொட்டியில் சாமந்தி இல்லாமலும் நன்றாக இருக்கும். சாமந்தி பவளத்தைப்போலவே கடினமானது; அதனைத் தேட வேண்டாம்.

கோமாளி மீனைக் கடலில் பிடிக்கத் தேவையில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதன் குஞ்சு பொரிப்பு முறைகளை உருவாக்கியிருக்கிறது. கொள்ளிடத்துக்கு அக்கரையில் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் இந்த ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இம்மீன் எல்லாம் ஆணாகவே வளரத் தொடங்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஓட்டிலோ மண்சட்டியிலோ முட்டை ஒட்டும். ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். ஏழு, எட்டு நாளில் இருட்டிய பிறகு குஞ்சு பொரிக்கும். குஞ்சுக்கு ரோட்டிஃபர் தனியே வளர்த்துக் கொடுக்கவேண்டும் என்பதால் புதியவர்கள் இதனை வருமானத் தொழிலாக எண்ணி இறங்கவேண்டாம். வளர்ப்புக்கு மட்டும் ஒரு ஜோடி போதும். வாங்கும்போது, பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கேட்டு வாங்கவேண்டும். பொரிப்பக மீன் தொட்டிக்கும் தீனிக்கும் பழகியிருக்கும்.

தண்ணீர் தயாரித்தல்

"வேதாரண்யம் உப்பு ஒரு மூட்டை வாங்கிக் கரைத்தால் ஆகாதாண்ணே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. உப்பளத்தில் கடல் நீர் காயும்போது முதலில் சுண்ணாம்புச் சத்துகள் படிந்து தனியே நின்றுவிடும். பிறகு சாப்பாட்டு உப்பு விளையும். மக்னீசியம் முதலியவை கடைசிக் கழிவு நீரோடு போய்விடும். மூட்டையில் இருப்பது பெரும்பாலும் ஒரே உப்பு. கடல் நீரிலோ பல உப்புகள் குறித்த விகிதத்தில் கலந்துள்ளன. ஆகவே மீன் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பையே வாங்கவேண்டும்.

கரையோரக் கடலில் குடம் பிடித்து வருவதும் நல்லதல்ல. கரையோர நீர் கலங்கல். மழைக்காலத்தில் உப்பு குறைவு. கரைக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. நீரே ஏற்றது. ஆழ்குழாய் நீரில் இரும்பும், உரச்சத்தும், கடலோர ஊர்களில் உவர்ப்பும் இருக்கலாம். குழாய் நீரில் குளோரின் இருக்கும்.

லிட்டருக்கு 35 கிராம் வீதம் 100 லிட்டருக்கு மூன்றரை கிலோ உப்பு பிடிக்கும். விதை நெல் தேர்வுக்கு உப்புக் கரைசலில் முட்டை மிதக்கவிடும் பழக்கம் இங்கு உண்டு. அந்த அளவு கடல் நீருக்குப் பொருந்தாது. அது மிகவும் கனத்த கரைசல். கடல் நீரில் புது முட்டை மூழ்கிவிடும். ஆகவே அடர்த்திமானி ஒன்று வாங்கி, 1.025 அளவில் நிற்குமாறு கரைக்கவேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. முதல் தொட்டி 100 லிட்டருக்குக் குறையக்கூடாது. சின்னத் தொட்டியில் சூடும் உப்பும் சீக்கிரம் ஏறி இறங்கும்.

2. தண்ணீர் நிரப்பிய அன்றே மீன் விடக்கூடாது. சிறிது தீனி மட்டும் போட்டு, நான்கு முதல் ஆறு வாரம் ஓடவிடவேண்டும். யூரியா மண்ணில் அமோனியாவாகி நைட்ரேட்டாக மாறுவதுபோல், தொட்டிக் கழிவையும் பாக்டீரியாக்கள் மாற்றவேண்டும். அவை பெருக இந்த நாட்கள் தேவை. சோதனைப் பெட்டியில் அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்த பிறகே மீன் விடலாம்.

3. ஆவியாகும் தண்ணீருக்கு உப்பு நீர் ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. தண்ணீர்தான் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. கோடையில் கடலோர வயலில் உவர் பூப்பதும் இதனால்தான். 100 லிட்டரில் 5 லிட்டர் ஆவியானால் உப்பு 35 கிராமிலிருந்து ஏறத்தாழ 37 கிராமாக ஏறும். தொட்டியில் ஒரு கோடு போட்டு வைத்து, தினமும் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் விடவேண்டும்.

4. வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, முந்திய நாளே கரைத்து வைத்த உப்பு நீரைச் சேர்க்கவேண்டும்.

5. கோமாளி மீனுக்கு 26 முதல் 29 டிகிரி ஏற்றது. கோடையில் தொட்டியின் மேல் மின்விசிறி வைத்தால் இரண்டு டிகிரி வரை குறையும். ஆனால் ஆவியாதல் கூடும் என்பதை மறக்கக்கூடாது. வெயில் விழும் சன்னல் அருகே தொட்டி வேண்டாம்.

6. மின்வெட்டுக்கு உதவ மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு கையிருப்பில் இருக்கட்டும்.

7. பவளக் கல்லுக்குப் பதில் சுட்ட மண்சட்டி, ஓடு, கருங்கல் துண்டுகளைக் கழுவி வைக்கலாம். மீன் ஒளியவும் முட்டையிடவும் இவை போதும்.

8. காலை மாலை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே தீனி போடவேண்டும்.

மேல் விவரங்களுக்கு நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தையும், மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தையும் அணுகலாம். எந்தக் கடல் உயிரை வாங்குவதற்கு முன்பும், பட்டியலில் உள்ளதா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சிங்கப்பூர் மைத்துனருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம். அடுத்த பவளம் வாங்கும்போது கடலில் பெயர்த்ததை விட்டு, தொட்டியில் வளர்ந்த துண்டாகப் பார்த்து வாங்கட்டும். ஊரில் இருப்பவர்கள் ஒரு ஜோடி கோமாளி மீனுக்காக ஓராண்டு தண்ணீரை ஒரே நிலையில் வைத்துப் பார்க்கட்டும். சித்திரை வெயிலும் ஐப்பசி மின்வெட்டும் தாண்டி அந்த மீன்கள் பிழைத்து நின்றால், பவளம் கேட்கும் மாறாத தண்ணீர் எவ்வளவு பெரிய வேலை என்பது அப்போது கைப்பழக்கமாகத் தெரியும். மண்டபம் கடலில் அந்த வேலையைக் கடல் தானாகவே செய்துகொண்டிருக்கிறது. அதனைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.